ஈரலை நாய்க்குப் போடுவதில் என்ன தப்பு? மழைக்காட்டு வேட்டைக்கறியும் ஒட்டுண்ணிகளும்

4 ஜூன் 2023, மாலை – வாசகர் கேள்வி

அமேசான் காட்டில் பாக்கா என்ற விலங்கை வேட்டையாடி அறுக்கும் காணொளி ஒன்று பார்த்தேன். வயிற்றைக் கிழித்ததும் ஈரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம். அந்த ஈரலை மட்டும் நாய்க்கு எறிந்துவிட்டு, மீதியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டார்கள். வெந்தால் எல்லாப் புழுவும் செத்துவிடும்தானே? கெட்டுப்போன பகுதியையும் ஒதுக்கிவிட்டார்கள். எனவே அவர்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்பது என் கருத்து. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன், இரவு

கறி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வெந்த பாக்காக் கறியைத் தின்றவர்களுக்கு அந்தக் கொப்புளத்தால் எதுவும் வராது. அந்த ஈரலையே அரைவேக்காட்டில் தின்றிருந்தாலும் அதிலிருக்கும் நோய் அவர்களைப் பிடித்திருக்காது. நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, ஈரலை நாய்க்கு எறிந்தார்கள் என்று, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கொப்புளங்கள் பெரும்பாலும் எகைனோகாக்கஸ் வோகெலி என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். நாடாப்புழு என்றதும் மீட்டர் கணக்கில் நீளம் என்று நினைக்க வேண்டாம். இது முழுதாக வளர்ந்தாலே அரை சென்டிமீட்டர் அளவுதான். வளர்ந்த புழு வாழ்வது புதர்நாய் என்ற காட்டு நாயின் குடலில். புதர்நாயின் மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழும். பாக்கா என்பது வெள்ளைப் புள்ளி வரிசைகள் கொண்ட ஒரு பெரிய கொறிவிலங்கு. தரையில் கிடக்கும் பழத்தைத் தின்னும்போது மண்ணோடு முட்டையையும் விழுங்கிவிடும். முட்டை அதன் ஈரலில் போய்க் கொப்புளமாக வளரும். அந்தப் பாக்காவைப் புதர்நாய் பிடித்துத் தின்றால் வட்டம் முடிகிறது. மனிதனுக்கு இதில் இடமே இல்லை.

இடம் கொடுப்பது வீட்டு நாய். கொப்புளம் உள்ள ஈரலைத் தின்ற வேட்டை நாயின் குடலிலும் இதே புழு நன்றாக வளரும். அதன் மலத்தில் முட்டை, மண்ணில் முட்டை, நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது மயிரில் முட்டை. அந்த நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தையின் கையில் முட்டை. குழந்தை விழுங்கினால், பாக்காவின் ஈரலில் நடந்தது குழந்தையின் ஈரலில் நடக்கும். வருடக்கணக்கில், மெதுவாக, வலி தெரியாமல்.

5 ஜூன், காலை

ஒருவர் "இதெல்லாம் எங்கிருந்து தெரியும்" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். பெருவின் வடகிழக்கே லொரேட்டோ பகுதியில், ஆற்றோரக் கிராமம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கள முகாமில் சில மாதங்கள் வேலை செய்தேன். வேட்டைக்குப் போகிறவர்கள் கொண்டுவந்து தரும் உறுப்புகளைப் பார்ப்பது, வெட்டுவது, பாட்டிலில் போடுவது, எழுதிவைப்பது. அவ்வளவுதான் வேலை. பாக்காவை அங்கே மஹாஸ் என்பார்கள். இரவில் படகில் விளக்கோடு கரையோரமாகப் போய் அடிப்பார்கள். விடியும்போது முகாம் வாசலில் யாராவது வாழையிலையில் பொதிந்து ஓர் ஈரலோ சிறுநீரகமோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விலங்கை அறுத்துச் சுத்தம் செய்வது அவர்கள்தான்.

முதன்முதலில் கொப்புள ஈரல் வந்தபோது எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. சீழ்க்கட்டி என்று நோட்டில் எழுதினேன். ஒரு கொப்புளத்தைக் கீறியபோது சீழ் வரவில்லை, தெளிந்த நீரும் மணல் போன்ற துகள்களும் வந்தன. அந்தத் துகளை நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு புழுத்தலை, கொக்கி வளையத்தோடு. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், மீதி ஈரலை மதியமே முகாமுக்குப் பின்னால் இருந்த கழிவு வாளியில் போட்டிருந்தேன். மூடவில்லை. காலையில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

முகாமில் ஒரு நாய் இருந்தது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

5 ஜூன், மதியம்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "கறி தின்றவர்களுக்கு எதுவும் வராது" என்பதை இந்த ஒரு புழுவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஒட்டுண்ணிக்கும் பொருத்தினால் தப்பாகிவிடும். கறி வழியாகவே நேராக வருபவை இருக்கின்றன. நாளையோ மறுநாளோ எழுதுகிறேன்.

8 ஜூன்

கறி வழியாக வருவதில் முதலில் சொல்ல வேண்டியது ட்ரைக்கினெல்லா. இது தசைக்குள் சுருண்டு படுத்திருக்கும் உருளைப்புழுவின் இளம்புழு. கண்ணுக்குத் தெரியாது. 1835இல் லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் என்ற மருத்துவ மாணவர், இறந்த ஒருவரின் தசையில் வெள்ளைப் பொட்டுகளைக் கவனித்ததில் இதன் கதை தொடங்குகிறது. அவர் பார்த்தது சுண்ணாம்பேறிய பழைய கூடுகள். புதிதாகத் தொற்றிய கறியில் அப்படி எந்தப் பொட்டும் தென்படாது. நிறம், மணம், சுவை எல்லாம் நல்ல கறி போலவே இருக்கும்.

மழைக்காட்டுப் பக்கம் இதில் தனித்து நிற்பது ட்ரைக்கினெல்லா பப்புவே. பப்புவா நியூ கினியின் காட்டுப்பன்றிகளில் கண்டுபிடித்து 1999இல் பெயர் வைத்தார்கள். மற்ற பல ட்ரைக்கினெல்லாக்கள் தசைக்குள் தங்களைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும், இது கட்டாது. கூடு இல்லாததால் நுண்ணோக்கியில் கறியை நசுக்கிப் பார்க்கும் பழைய முறையில் எளிதாகத் தப்பிவிடும். கறியை அமிலத்திலும் பெப்சினிலும் கரைத்து, அடியில் படிவதைப் பார்க்க வேண்டும். அதாவது வயிறு செய்கிற வேலையை நாம் ஒரு குடுவையில் செய்வது. இன்னொரு விசேஷம், இது முதலைகளிலும் வாழும். பாலூட்டியிலிருந்து ஊர்வனவுக்கும் திரும்பவும் போய்வரும் புழு.

தாய்லாந்தில் 2006இல் காட்டுப்பன்றிக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்ற பலருக்கு இதே பப்புவே வந்தது. காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், தசைவலி. முற்றினால் இதயத் தசை வரை போகும்.

வேகவைத்தால் செத்துவிடும் என்பது இங்கே உண்மை. கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். சிக்கல் அந்த "நடுப்பகுதி" என்ற சொல்லில் இருக்கிறது. நெருப்பின் மேல் முழுத் தொடையைத் தொங்கவிட்டால் வெளியே கருகும், எலும்பருகே சிவப்பாகவே இருக்கும். புகைபோட்டுக் காயவைப்பதும் உப்பிடுவதும் கறி அழுகாமல் காக்கும், இந்தப் புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மழைக்காட்டில் குளிர்பெட்டி இல்லாமல் கறியை வைத்திருக்க இருக்கும் வழிகளோ அந்த இரண்டும்தான்.

11 ஜூன்

"குரங்கின் கழுத்தில் தோலுக்கடியில் நெளியும் புழுவைப் பார்த்தேன், அந்தக் கறியைத் தின்னலாமா" என்று ஒருவர் படத்தோடு கேட்டிருக்கிறார். படத்தைப் பார்த்தால் அது பாட் ஈயின் புழு. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஊளைக்குரங்குகளிடம் சாதாரணம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஊளைக்குரங்குகளையும் இந்த ஈயையும் பல வருடங்கள் கவனித்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. கழுத்தில் நாலைந்து வீக்கம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மூச்சுத்துளை. குரங்குக்கு அது பெரிய வேதனை. பல புழுக்கள் ஒன்றாக வந்தால் மெலிந்து சாகவும் செய்யும். தின்பவருக்கு அதனால் நோய் வராது. அந்தப் புழு தோலுக்கடியில் வளர்ந்து, வெளியே விழுந்து, மண்ணில் கூட்டுப்புழுவாகி ஈயாகிறது. மனித வயிற்றில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. கிராமத்தில் பாட் புழு இருந்த விலங்கைப் பார்த்து முகம் சுளித்தவர்களைக் கண்டிருக்கிறேன். கொப்புள ஈரலையும் ஒதுக்குவார்கள். ட்ரைக்கினெல்லா இருக்கும் தொடையையோ டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இருக்கும் இதயத்தையோ யாரும் ஒதுக்க முடியாது, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. எனக்கும் அப்படித்தான். பாட் புழுவைப் பார்த்த நாள்களில் கையை இரண்டு முறை கழுவினேன், சுத்தமாகத் தெரிந்த இதயத்தை வெட்டிய நாள்களில் ஒரு முறை. தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

12 ஜூன்

இப்போது, மருத்துவர்களே தடுமாறும் ஒன்று.

முகாமில் வேலை செய்த ஒரு பெரியவருக்கு வயிற்றுவலி. ஆற்றில் பல மணி நேரம் பயணம் செய்து மலப் பரிசோதனைக்குப் போய்வந்தார். சாட்டைப்புழு முட்டை என்று எழுதி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை முடிந்ததும் திரும்பப் பார்த்தால் முட்டையே இல்லை. நல்லது என்று நினைத்தோம். சில நாள் கழித்து மறுபடி முட்டை. அவர் பயந்துவிட்டார். மருந்துக்கு அடங்காத புழு என்று நானும் பயந்தேன்.

அவருடைய மாதிரியைக் கேட்டு வாங்கி நானே பார்த்தேன். முட்டை சாட்டைப்புழுவினுடையது போலவே இருந்தது, இரு முனையிலும் அடைப்பு. ஆனால் ஓட்டில் நுண்ணிய கோடுகள், முனை அடைப்புகள் சாட்டைப்புழுவுக்கு இருப்பதைப் போல வெளியே துருத்தவில்லை. கலோடியம் ஹெபாடிக்கம். ஈரலில் வாழும் புழு. பெண்புழு ஈரலுக்குள்ளேயே முட்டையிட்டுவிடும், அந்த முட்டை வெளியே வர வழி கிடையாது. அந்த விலங்கை வேறொன்று தின்ன வேண்டும், இல்லை அது செத்து அழுக வேண்டும்.

பெரியவரிடம் கடைசியாக எப்போது ஈரல் தின்றீர்கள் என்று கேட்டேன். முந்தின நாள் பெக்கரி என்ற பன்றி போன்ற விலங்கின் ஈரல், பத்து நாளுக்கு முன் டாபிர் என்ற பெரிய தாவர உண்ணியின் ஈரல். அவர் உடம்பில் புழுவே இல்லை. தின்ற ஈரலில் இருந்த முட்டைகள் குடல் வழியாக அப்படியே கடந்துபோகின்றன. முதல் பரிசோதனையும் ஈரல் தின்ற நாளுக்கு மறுநாள்தான் என்று கணக்குப் போட்டபோது தெரிந்தது. ஒரு வாரம் ஈரல் தின்னாமல் இருந்து பாருங்கள் என்றேன். முட்டை மறைந்தது. வயிற்றுவலிக்குக் காரணம் வேறு.

அமேசானில் மலப் பரிசோதனை செய்கிறவர்கள் "என்ன தின்றீர்கள்" என்று கேட்காமல் முடிவு எழுதினால் இப்படித்தான் ஆகும். உண்மையான கலோடியம் தொற்று மனிதரிடம் அபூர்வம். முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகு, அதை விழுங்கினால்தான் வரும். மண் தின்னும் சிறு குழந்தைகளுக்கு வந்தால் கடுமையாக இருக்கும்.

13 ஜூன்

"அப்படியானால் மலத்தில் முட்டை இருந்தால் கவலையே வேண்டாமா?" அப்படிச் சொல்லவில்லை. கொக்கிப்புழு, சாட்டைப்புழு, உருண்டைப்புழு எல்லாம் அந்தக் கிராமங்களில் நிஜமாகவே நிறைய. குழந்தைகள் சோகை பிடித்துப் போகிறார்கள். நான் சொன்னது ஒரே ஒரு முட்டையைப் பற்றி.

17 ஜூன்

டாக்ஸோபிளாஸ்மா. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இதில்தான் நான் மிகவும் கலங்கிப்போனேன்.

1908இல் இரண்டு இடங்களில் ஒரே வருடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. துனிசில் நிக்கோலும் மான்சோவும் குண்டி என்ற சிறு கொறிவிலங்கில் பார்த்தார்கள், பிரேசிலில் ஸ்ப்ளெண்டோரே முயலில் பார்த்தார். வில் போல வளைந்த உருவம், அதனால் வில் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர். இதன் இறுதி ஓம்புயிர், அதாவது ஒட்டுண்ணி இனப்பெருக்கம் செய்யும் விலங்கு, பூனைக் குடும்பம். வீட்டுப் பூனை மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அமேசானில் ஜாகுவாரும் பூமாவும் ஓசிலாட்டும் அதையே செய்கின்றன. அவற்றின் மலத்திலிருந்து வரும் முட்டைக்கூடுகள் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மழையில் ஓடைக்குப் போகும்.

மற்ற நாடுகளில் ஆரோக்கியமான பெரியவருக்கு டாக்ஸோபிளாஸ்மா வந்தால் பெரும்பாலும் சளிக்காய்ச்சல் போல வந்துபோகும். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும்தான் பயம். பிரெஞ்சு கயானாவிலும் சுரிநாமிலும் காட்டிலிருந்து வரும் வகைகள் அப்படி இல்லை. நல்ல உடல்நலம் உள்ளவர்களையே நுரையீரலில் தாக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புகின்றன. மரோனி ஆற்றங்கரையில், சுரிநாம் பக்கம் பாட்டம் என்ற கிராமத்தில் 2003 கடைசியிலும் 2004 தொடக்கத்திலும் 11 பேருக்கு வந்தது. ஒரு பெரியவர் இறந்தார். பிறந்த குழந்தை ஒன்றும் கருவிலிருந்த சிசு ஒன்றும் போயின.

கறியில் இருப்பதை 67 டிகிரி வெப்பம் கொன்றுவிடும். அப்புறம் தண்ணீர். கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். விறகு ஈரமாக இருக்கும் மழைக்காலத்தில், வீட்டில் எட்டுப் பேர் இருக்கும்போது, குடிக்கும் தண்ணீர் முழுவதையும் கொதிக்கவைப்பது என்பது எவ்வளவு வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் முகாமில் இரண்டு பேருக்குக் கொதிக்கவைக்கவே திணறினேன்.

18 ஜூன்

எபோலா பற்றிக் கேட்டவருக்கு: அது வைரஸ். காட்டுக்கறியோடு சேர்த்துப் பேசப்படுவதால் எல்லோருக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குத் தனி இழை வேண்டும். அர்மடில்லோ என்ற ஓடுடைய விலங்கில் தொழுநோய்க் கிருமி இருப்பது உண்மை, பிரேசிலின் பாரா மாநிலத்தில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆனால் அது பாக்டீரியா. இங்கே புழுக்களோடும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளோடும் நிற்போம்.

25 ஜூன்

இதுவரை அமேசானையே சுற்றிவிட்டேன். மத்திய ஆப்பிரிக்காவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. காங்கோ வடிநிலத்தில் ஒரு வருடத்தில் எவ்வளவு காட்டுக்கறி எடுக்கப்படுகிறது என்பதற்கு 1999இல் வந்த ஒரு கணக்கு பத்து லட்சம் டன்னுக்கு மேல் என்றது, 2002இல் வந்த இன்னொன்று 49 லட்சம் டன் என்றது. இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதே நிலைமையைச் சொல்லும். எடுத்த கறியை எடை போட அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சிறு மானைப் போன்ற டூய்க்கர், தூரிகைவால் முள்ளம்பன்றி, பெரிய பைஎலி, குரங்குகள். இவைதான் தினசரிக் கறி.

டூய்க்கரின் குடலில் உருளைப்புழு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். அந்த முட்டைகளை வைத்து இன்ன இனம் என்று சொல்லிவிட முடியாது, பத்து வகைப் புழுவின் முட்டையும் ஒன்றுபோலவே இருக்கும். வளர்த்து இளம்புழுவைப் பார்க்க வேண்டும் அல்லது மரபணு பார்க்க வேண்டும். மரபணுவுக்கு ஆல்கஹால், உருவத்துக்கு ஃபார்மலின். ஃபார்மலினில் போட்டதை மரபணுவுக்குக் கொடுத்தால் ஒன்றும் தேறாது. இந்த ஒரு தவறால் எங்கள் பெரு முகாமில் ஒரு மாதத்து மாதிரிகள் வீணானதை அருகிலிருந்து பார்த்தேன். வேட்டைக்காரர்கள் நம்பிக் கொடுத்த மாதிரிகள் அவை. அதைச் சொல்லி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டபோது, ஒரு பெண் கேட்டார்: "அப்போ எங்கள் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று இந்த வருடம் தெரியாதா?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நான் ஆப்பிரிக்காவில் வேலை செய்தது இல்லை. அங்கே செய்த ஒரு தோழி காட்டிய எக்ஸ்ரே மறக்கவே முடியாதது. ஒருவரின் வயிற்றுப் பகுதியில் சிறு சிறு பிறைகள், ஆங்காங்கே தூவிவிட்டது போல. ஆர்மில்லிஃபர் என்ற நாக்குப்புழுவின் இளம்பருவம், செத்துச் சுண்ணாம்பேறிப் பிறையாக நிற்கிறது. வளர்ந்த நாக்குப்புழு மலைப்பாம்பு, விரியன் இவற்றின் நுரையீரலில் வாழும். எலியும் குரங்கும் அதன் இடைநிலை ஓம்புயிர்கள். பாம்பை அறுக்கும்போது கையில் ஒட்டும் முட்டை வாய்க்குப் போனால் மனிதனும் அந்த எலியின் இடத்துக்கு வந்துவிடுகிறான். பாம்பு பாலூட்டி இல்லை என்று யாராவது திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கை, கத்தி, வாய் என்ற அதே வழிதான்.

2 ஜூலை

"வேட்டையைத் தடை செய்தால் எல்லாம் முடிந்தது" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது, பதில் எழுதி அழித்துவிட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் முகாமுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மீன் கிடைக்காத உயர்வெள்ளக் காலத்தில் பாக்காவும் பெக்கரியும்தான் சாப்பாடு. அதை நிறுத்தினால் பதிலுக்கு என்ன என்ற கேள்விக்கு யாரும் படகில் பதில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. இன்னொன்று, ஈரலில் கொப்புளம் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிவது வேட்டைக்காரர்களால்தான். காட்டில் திரியும் புதர்நாயை ஆய்வாளர்கள் நேரில் காண்பதே அபூர்வம். அந்த இனத்தைப் பீட்டர் லுண்ட் என்ற ஆய்வாளர் முதலில் பிரேசில் குகைகளில் கிடைத்த எலும்பிலிருந்துதான் விவரித்தார், அழிந்துபோன விலங்கு என்று நினைத்தார். அதன் குடலில் இருக்கும் எகைனோகாக்கஸ் வோகெலிக்கே 1972இல்தான் பெயர் கிடைத்தது. ஈக்வடாரிலிருந்து அமெரிக்க உயிரியல் பூங்கா ஒன்றுக்குக் கொண்டுபோன புதர்நாயிடம் கண்டுபிடித்தார்கள். காட்டில் அந்தப் புழு எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய இன்று இருக்கும் மலிவான வழி, கிராமத்துப் பெண் வாழையிலையில் பொதிந்து தரும் ஈரல். பெருவில் அப்படிச் சேர்த்த ஈரல்களைப் பார்த்துத்தான், கிராமத்துக்கு அருகே வாழும் பாக்காக்களில் தொற்று அதிகமாக இருப்பதையும், அதற்கு வேட்டை நாய்களுக்கு உள்ளுறுப்பு போடுவது காரணமாக இருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். குற்றவாளியாக்கினால் ஈரல் வாசலுக்கு வராது. ஆற்றில் போகும், அல்லது நாய்க்குப் போகும்.

அருகும் இனங்களைக் கொல்வதை நான் ஆதரிக்கவில்லை. டாபிரும் கம்பளிக்குரங்கும் மெதுவாகப் பெருகும் விலங்குகள், அவற்றை விட்டுவைக்க வேண்டும் என்று அந்தக் கிராமத்திலேயே பலர் சொல்வார்கள். அது வேறு காரணத்துக்காக. புழுவைக் காட்டிப் பயமுறுத்தி அதைச் சாதிக்கக் கூடாது.

9 ஜூலை

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "சரி, அப்படியானால் அந்த ஈரலை என்ன செய்திருக்க வேண்டும்?" என்கிறார். இதற்காகத்தான் இவ்வளவு நாள் எழுதியிருக்க வேண்டும்.

நாய்க்குப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. கொடுப்பதானால் துண்டு போட்டு, கொப்புளத்தின் உள்வரை வேகும்படி அரை மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். நாய்க்கும் சாப்பாடு வேண்டும், அதை மறந்து அறிவுரை சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். இல்லையென்றால் எரித்துவிட வேண்டும். பாதிக்கருகலாக விடாமல் முழுக்க.

9 ஜூலை, சற்று நேரம் கழித்து

புதைக்கலாமா என்று உடனே ஒருவர் கேட்டுவிட்டார். முகாமில் நாங்களும் முதலில் புதைத்தோம். நாய் தோண்டியது. ஆழமாகப் புதைத்தோம், அர்மடில்லோ தோண்டியது. வெள்ளம் வந்தபோது குழியே திறந்துகொண்டது. அதோடு ஜூன் 12ஆம் தேதி எழுதியதை நினைத்துப் பாருங்கள். கலோடியம் முட்டை மண்ணில் கிடந்துதான் முதிர்கிறது. ஈரலைப் புதைப்பது அதற்கு விதை விதைப்பது போல. வேகவைப்பது அல்லது எரிப்பது, இரண்டில் ஒன்று.

அறுக்கும் இடம் வீட்டு முற்றத்திலும் தண்ணீர் எடுக்கும் துறையிலும் இல்லாமல் இருந்தால் பாதிச் சிக்கல் குறையும். அறுத்த கத்தியால் அப்படியே பழம் வெட்டிக் குழந்தைக்குக் கொடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

16 ஜூலை

முகாம் நாயைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மூன்று பேர் நினைவுபடுத்திவிட்டார்கள்.

பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். கவிழ்ந்த வாளியில் இருந்த ஈரலை அது தின்றதா, இரவில் வந்த வேறு விலங்கு தின்றதா என்று எனக்குத் தெரியவே போவதில்லை. தின்றது என்றே வைத்துக்கொண்டோம். நாய்க்கு பிராசிகுவாண்டல் கொடுத்தால் குடலில் உள்ள புழு செத்துவிடும். மருந்து ஆற்றில் வந்துசேர மூன்று வாரமாயிற்று. ஈரலைத் தின்ற நாளிலிருந்து புழு முதிர்ந்து முட்டையிடச் சில வாரம் ஆகும் என்பதால் அந்த மூன்று வாரமும் தினமும் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். நாயைக் கட்டிப் போட்டோம். கிராமத்துப் பிள்ளைகள் அதோடு விளையாட வருவார்கள், அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. காரணம் சொன்னேன். ஒரு பையன் கேட்டான், "எங்கள் வீட்டு நாய் எப்போதும் அதைத்தானே தின்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மருந்து ஒரு நாய்க்குப் போதாது என்பது புரிந்தது. கூடுதலாக வரவழைத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் நாயின் எடையைத் தூக்கிப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். ஒன்று சொல்ல வேண்டும், இந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டி, மலத்தை அள்ளி எரிக்க வேண்டும். ஆல்கஹாலும் ஃபார்மலினும்கூட எகைனோகாக்கஸ் முட்டையிடம் செல்லுபடியாகாது. நெருப்புதான். மருந்தும் ஒரு முறையோடு முடியாது, நாய் மறுபடி பச்சை ஈரல் தின்றால் மறுபடி புழு வரும்.

23 ஜூலை

இந்தக் கொப்புள நோயை மனிதரிடம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. வலது விலாவுக்குக் கீழே கட்டி, வலி, சிலருக்கு மஞ்சள் காமாலை. ஸ்கேனில் ஈரலில் பல கட்டிகள் தெரியும். இந்த நோயை அறியாத மருத்துவர் புற்றுநோய் என்று நினைப்பதுண்டு. சிகிச்சை, அல்பெண்டசோல் என்ற மருந்து மாதக்கணக்கில், முடிந்தால் அறுவை சிகிச்சை. அறுவையில் கட்டி உடைந்து நீர் சிந்தினால் வயிற்றுக்குள் வேறு இடத்தில் மறுபடி முளைக்கும். அதனால் என்னவென்று தெரியாமல் ஊசி குத்தி நீர் எடுக்கவே கூடாது. அமேசான் பகுதியில் வாழ்ந்தவர், வேட்டை நாய் வளர்த்தவர் என்றால் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

நானும் திரும்பி வந்ததிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை ஈரல் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன். இதுவரை சுத்தம்.

30 ஜூலை

முகாமில் இன்னும் இருக்கும் ஒருவரிடம் பேசினேன். மடிந்த காது நாய் இருக்கிறதாம், கிழடு தட்டிவிட்டது. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பையனின் அம்மா, அடுப்புக்குப் பக்கத்தில் ஓட்டை அடைத்த பழைய பானை ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறாராம். பாக்கா அறுக்கும் நாள்களில் நாய்களுக்கான ஈரலும் நுரையீரலும் அதில்தான் வேகும். பக்கத்து இரண்டு வீடுகளும் தங்கள் வீட்டு உள்ளுறுப்பை அந்தப் பானைக்கே கொண்டுவந்து தருகிறார்களாம், விறகோடு. மற்ற வீடுகள் இன்னும் பச்சையாகத்தான் போடுகின்றன.